வேலூரில் 41, தண்டையார்பேட்டையில் 36: எங்கே வெக்கை அதிகம்?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் தண்டையார்பேட்டையில், மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட ஒரு ரூமும் சமையல்கட்டுமாக உள்ள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். என் நாத்தனார் இருப்பது வேலூரில். அங்கே 41 டிகிரி, சென்னையில் 36தான் என்று டிவியில் சொல்கிறார்கள். ஆனால் போன வாரம் அங்கே மூன்று நாள் தங்கியபோது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இங்கே திரும்பிய அன்றே தலைவலி, படபடப்பு. "36 எல்லாம் ஒரு வெயிலா, எல்லாம் உன் மனப்பிரமை" என்கிறார் என் கணவர். அவர் மாதவரம் பக்கம் ஒரு குடோனில் கன்டெய்னருக்குள் மூட்டை அடுக்கும் வேலை செய்கிறார். நாத்தனார் வீட்டில் இருப்பது போலவே ஒரு ஏர் கூலரைத் தவணையில் வாங்கினோம். அதைப் போட்டால் புழுக்கம் இன்னும் கூடுகிறது. கூலர் பழுதா? மாமியாருக்கு 68 வயது. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்கிறார். வெயில் முடியும்வரை அவருடைய நீர் மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா?

— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது காத்திருக்காது. நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாளைக்கே மாமியாரை அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமோ பக்கத்து நகர்ப்புற சுகாதார நிலையத்துக்கோ அழைத்துப் போங்கள். காரணம் பின்னால் வருகிறது.

உங்களுக்கு இருப்பது மனப்பிரமை இல்லை. உங்கள் கணவர் தெர்மாமீட்டரை மட்டும் பார்க்கிறார். உங்கள் உடம்பு அதோடு சேர்த்துக் காற்றில் உள்ள ஈரத்தையும் கணக்கில் எடுக்கிறது.

நாத்தனார் வீட்டில் மண்பானை இருந்தால் யோசித்துப் பாருங்கள். அந்தப் பானைத் தண்ணீர் அவ்வளவு ஜில்லென்று இருக்கும். அதே பானையை இங்கே கொண்டுவந்து வைத்தால் ஏதோ சுமாராகத்தான் குளிரும். பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வேலூர்க் காற்று காய்ந்த காற்று என்பதால் அந்த நீரைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்கிறது. நம் பக்கத்துக் காற்று ஏற்கெனவே ஈரம் குடித்து வந்திருப்பதால் மெதுவாகத்தான் உறிஞ்சும். மே மாதத்தில் வங்கக் கடலின் மேல்நீரே 30 டிகிரியை ஒட்டி இருக்கும். அதைத் தடவிக்கொண்டு வரும் காற்று எப்படி உலர்ந்து வரும்? காசிமேட்டில் கருவாடு போடுகிற பெண்களைக் கேளுங்கள். வெயில் சுள்ளென்று அடித்தும் மீன் காயாமல் பிசுபிசுவென்று கிடக்கிற நாள் எது என்று வானிலை அறிக்கை இல்லாமலே சொல்லிவிடுவார்கள்.

நம் தோலும் அந்தப் பானை மாதிரிதான். வியர்வை வந்துவிட்டால் உடம்பு குளிர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். வருவதால் குளிராது, காய்வதால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் உடம்பிலிருந்து கழியும். அதே ஒரு லிட்டர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால் உடம்புக்கு உப்பும் தண்ணீரும் நஷ்டம், குளிர்ச்சி அநேகமாகப் பூஜ்யம். வேலூரில் உங்களுக்கு வேர்க்கவே இல்லை போலத் தோன்றியிருக்கும். வேர்த்திருக்கும், உடனுக்குடன் காய்ந்திருக்கும்.

இதை எண்ணாகவும் போடலாம். 1979-ல் ராபர்ட் ஸ்டெட்மன் என்பவர் வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து 'உடம்பு உணரும் வெப்பம்' என்று ஒரு கணக்கு வகுத்தார். அமெரிக்க வானிலைத் துறை இன்றும் அதை ஒட்டிய அட்டவணையைத்தான் பயன்படுத்துகிறது. நம் வானிலைத் துறையும் 2023-லிருந்து சோதனை முறையில் இதுபோன்ற வெப்பக் குறியீட்டை வெளியிடத் தொடங்கியது. அந்த அட்டவணைப்படி 41 டிகிரியும் 25 சதவீத ஈரப்பதமும் இருந்தால் உடம்புக்குச் சுமார் 43 டிகிரி போலத் தெரியும். 36 டிகிரியும் 60 சதவீதமும் இருந்தால் சுமார் 48. உங்கள் கணவரிடம் இந்த இரண்டு எண்ணையும் காட்டுங்கள். அதுவும் நிழலில், லேசாகக் காற்றடிக்கும் இடத்தில் நிற்பவருக்கான கணக்கு. நேர் வெயிலில் நின்றால் இன்னும் 8 டிகிரி வரை கூடலாம்.

இன்னொன்று. சென்னை என்று டிவி சொல்லும் எண் பெரும்பாலும் நுங்கம்பாக்கம் அல்லது மீனம்பாக்கம் நிலையத்தில், நிழல்பெட்டிக்குள் வைத்த கருவி காட்டுவது. உங்கள் தகர ஷீட்டுக்குக் கீழே எடுத்தது இல்லை. 'வெப்ப அலை' என்று அறிவிக்கவில்லையே என்று சும்மா இருப்பதும் சரியில்லை. கடலோரப் பகுதியில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடவும் இருந்தால்தான் அந்தப் பெயர் கிடைக்கும். 36 டிகிரியில் ஊரே ஊறிக்கொண்டிருக்கும் நாள் அந்தக் கணக்கில் வராது.

செல்போனில் வானிலை பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். விடியற்காலையில் ஈரப்பதம் 85 என்றும் மதியம் 55 என்றும் காட்டும். 'அப்போ மதியம் ஈரம் குறைந்துவிட்டது' என்று அர்த்தம் இல்லை. 28 டிகிரியில் 85 சதவீதமும் 36 டிகிரியில் 55 சதவீதமும் காற்றில் கிட்டத்தட்ட ஒரே அளவு நீர்தான். சூடான காற்றுக்குக் கொள்ளளவு பெரிது, அதனால் சதவீதம் சின்னதாகத் தெரிகிறது.

சரி, கூலருக்கு வருவோம். கூலர் பழுதில்லை. அது தப்பான ஊரில் வேலை செய்கிறது.

தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் காட்டினால் ஒரு அளவு வரைக்கும் இறங்கி நிற்கும். அதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் எந்தச் சாதனமும் அதற்குக் கீழே போக முடியாது. வேலூரின் 41-க்கும் 25 சதவீதத்துக்கும் அது சுமார் 25 டிகிரி. உங்கள் வீட்டு 36-க்கும் 60 சதவீதத்துக்கும் சுமார் 29. அதாவது அங்கே கூலருக்கு இறங்க 16 படி இருக்கிறது, இங்கே 7 படிதான். அந்தச் சொற்பக் குளிர்ச்சிக்காக அது உங்கள் ரூமில் ஈரத்தைக் கக்குகிறது. கொசுவுக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தியிருப்பீர்கள், இல்லையா? அப்போது ரூமே இட்லிக் குண்டான் ஆகிவிடும்.

கூலரை விற்க வேண்டாம். தண்ணீர் ஊற்றாமல் வெறும் ஃபேனாக ஓட்டுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அப்புறம், மே கடைசியிலும் ஜூனிலும் சில நாள் மேற்குக் காற்று பலமாக வீசி, கடல்காற்றை உள்ளே வரவிடாமல் தடுக்கும். வாசலில் நின்றால் அனலடிக்கும். துவைத்துப் போட்ட துணி அரைமணியில் மொறமொறவென்று காயும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதை உங்கள் மாமியார் மறந்திருக்கமாட்டார். அப்படிக் காற்று உலர்ந்து வரும் பகல் வேளையில் கூலரில் தண்ணீர் ஊற்றுங்கள், நன்றாகவே வேலை செய்யும். மதியம் ஒன்று, இரண்டு மணிக்குக் கடல்காற்று உள்ளே வந்ததும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். அந்தக் காற்று வெப்பத்தைச் சில டிகிரி குறைக்கும், ஈரத்தைக் கூட்டும். ஆனாலும் வீசுகிற காற்று என்பதால் மொத்தத்தில் நமக்கு லாபம்தான். அது அடங்கிப்போகிற இரவில்தான் சங்கடம்.

ஈரம் தோலில் இருக்கலாம், ரூமில் இருக்கக் கூடாது. நம் வீடுகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிடுகிறோம், தரையில் தண்ணீர் தெளிக்கிறோம், துவைத்த துணியை உள்ளேயே கொடி கட்டிக் காயப்போடுகிறோம், அதே ரூமில் மதியம் சோறு வடிக்கிறோம். எல்லாமே காற்றுக்கு ஈரம் ஏற்றும் வேலை. பதிலாக ஒரு துண்டை நனைத்துக் கழுத்திலும் கையிலும் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு நேரே உட்காருங்கள். படுக்கப் போகும்முன் குளித்துவிட்டு, உடம்பை முழுசாகத் துடைக்காமல் ஃபேன் காற்றில் காயவிடுங்கள். சமையலை விடியற்காலையிலேயே முடித்துவிட முடிந்தால் நல்லது. முதல்நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் நீராகாரமும் மோருமாகக் குடித்த பழக்கத்தில், மதியம் அடுப்பு மூட்ட வேண்டியிருக்காது என்ற சௌகரியமும் இருந்தது.

ஃபேனுக்கும் ஒரு எல்லை உண்டு. காற்று 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை மின்விசிறி பயன்படும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் மாமியார் வயதுக்கு இரண்டு டிகிரி குறைத்தே கணக்கு வைப்பேன். தகர ஷீட்டுக்குக் கீழே பகல் ஒரு மணிக்கு 40 தாண்டுவது சாதாரணம். வெப்பமும் ஈரப்பதமும் சேர்த்துக் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். அது 38-ஐத் தாண்டினால் மாமியாரைக் கீழ்த்தளத்து வீட்டுத் திண்ணைக்கோ மர நிழலுக்கோ அழைத்துப் போய்விடுங்கள். அந்த நேரத்தில் மாடி ரூமைவிடத் தெரு நிழலே மேல். வீட்டுக்காரரிடம் பேசி ஷீட்டின் மேல்பக்கம் வெள்ளைப் பெயின்ட்டோ சுண்ணாம்போ அடிக்கச் சொல்லுங்கள். வெயிலின் பெரும் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். கீற்று போடலாமா என்று பலர் கேட்பார்கள். குளிர்ச்சிதான், ஆனால் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் நம் தெருக்களில் ஒரு பொறி போதும். நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மாமியார் விஷயம். வயதாக ஆகத் தாக உணர்வு மங்கும். உடம்பில் நீர் குறைந்திருந்தும் அவருக்குத் தண்ணீர் கேட்கத் தோன்றாது. நாள்பட்ட சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் வியர்வையே சரியாக வராது. வெக்கையில் தோலுக்கு ரத்தம் கூடுதலாகப் போவதால் பிரஷர் தானாகவே கொஞ்சம் இறங்கும். இதற்கு மேல், உடம்பின் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றத்தான் செய்யும். 'அப்படியானால் நிறுத்தலாமே' என்பீர்கள். அந்த மாத்திரையை வெறும் பிரஷருக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்களா, இதயம் பலவீனமாக இருப்பதற்கும் சேர்த்தா என்பது எனக்குத் தெரியாமல் நான் நிறுத்தச் சொன்னால், நாலாம் நாள் இரவு மூச்சு வாங்கிக்கொண்டு ஓட வேண்டிவரும். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் காலத்துக்கு அளவைக் குறைப்பதா, வேறு மாத்திரைக்கு மாற்றுவதா என்பதை டாக்டர் முடிவு செய்வார். அதுவரை அவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழாமல், இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். தினமும் இளநீர் கொடுப்பதாக இருந்தால் அந்த ரத்த முடிவு வந்தபிறகு கொடுங்கள். சில பிரஷர் மாத்திரைகளோடு அதில் உள்ள பொட்டாசியம் ஒத்துப்போகாது.

உங்கள் கணவர் பேச்சை எடுக்காமல் முடிக்க முடியாது. உங்கள் வீட்டில் வெயிலால் உயிருக்கே ஆபத்து வரக்கூடியவர் என்று நான் முதலில் நினைப்பது அவரைத்தான். அவரோ உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்.

வெயிலில் நின்ற கன்டெய்னர் இரும்புச் சுவர். காற்றோட்டம் கிடையாது. நாலு பேர் உள்ளே மூட்டை தூக்கினால் அவர்கள் வியர்வையே அங்குள்ள காற்றை இன்னும் ஈரமாக்கும். ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரி போனால்தான் மனித உடம்பு தாங்காது என்று 2010 வாக்கில் கணக்கிட்டுச் சொன்னார்கள். பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை ஈரச்சூடான அறையில் வைத்துப் பார்த்தபோது, வீட்டுவேலை அளவுக்கு லேசான உழைப்பிலேயே சுமார் 31-ஐ நெருங்கும்போது உடம்புச் சூடு கட்டுக்குள் நிற்காமல் ஏறத் தொடங்கியது. நம் ஊரில் ஒரு சாதாரண மே மாத மதியம் நிழலிலேயே 29 என்று மேலே சொன்னேன். அவர் செய்வது லேசான உழைப்பும் இல்லை.

அதனால் வேலையை ஓட்டும் விதம் மாற வேண்டும். கன்டெய்னர் வேலையைக் காலை ஆறிலிருந்து பத்துக்குள் தள்ள முடியுமா என்று மேஸ்திரியிடம் பேசட்டும். வாசலில் ஒரு பெரிய ஃபேன் வைத்து உள்நோக்கி அடிக்கவிடுவது பெரிய செலவில்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு ஆள் மாற்றி வெளியே வந்து நிழலில் நிற்கட்டும். வேலை நடக்கும்போது கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. அதற்காக மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீரைக் கவிழ்த்துக்கொள்ளவும் கூடாது. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாகும். இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து வேர்த்தால் உப்புப் போட்ட மோர், நீராகாரம், இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்த கரைசல். ஊருக்குப் போய்ப் பத்துப் பதினைந்து நாள் கழித்துத் திரும்பினால் முதல் நாளே முழு லோடு வேண்டாம், பாதியில் தொடங்கி நாலு நாளில் ஏறட்டும். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு போதும். வேலை முடிந்ததும் உடம்பு வலிக்கு என்று குடிக்கிற வழக்கம் அவருக்கு இருக்கிறதா என்று தெரியாது. இருந்தால், மறுநாள் காலை அவர் பாதி வற்றிய உடம்போடு கன்டெய்னருக்குள் போகிறார்.

நான் பயிற்சி டாக்டராக இருந்த காலத்தில் ஒரு கட்டடத் தொழிலாளியைக் கூட்டிவந்தார்கள். சம்பந்தமில்லாமல் உளறினார், தள்ளாடினார். சட்டை பிழிந்தால் தண்ணீர் வரும், அவ்வளவு வியர்வை. வெப்பத் தாக்கம் (ஹீட் ஸ்ட்ரோக்) என்றால் தோல் வறண்டிருக்கும் என்று படித்திருந்தேன். இவர்தான் இப்படி நனைந்திருக்கிறாரே, குடித்திருப்பார் என்று நினைத்தேன். எனக்கு மேல் இருந்த சீனியர் டாக்டர் வந்து ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். 41-க்கு மேல். அந்தத் தொழிலாளி பிழைத்தார், என்னுடைய அவசர முடிவால் பத்து நிமிடம் வீணானதை நான் இன்னும் மறக்கவில்லை. உழைக்கும்போது வரும் வெப்பத் தாக்கத்தில் ஆள் வேர்த்துக்கொண்டேதான் இருப்பார். நம் ஊர் ஈரத்தில் கேட்கவே வேண்டாம்.

கெண்டைக்கால் பிடிப்பு, குமட்டல், தலைவலி வந்தால் வேலையை நிறுத்தி நிழலுக்கு வந்துவிட வேண்டும். பேச்சு குழறினால், ஆள் அடையாளம் தெரியாமல் கோபப்பட்டால், மயங்கினால் அது உயிர் போகிற விஷயம். ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். மற்றவர்கள் வண்டிக்குக் காத்திராமல் அங்கேயே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். சட்டையைக் கழற்றி, தலையிலிருந்து கால்வரை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, எது கிடைக்கிறதோ அதை வைத்து விசிறுங்கள். இந்த ஊர்க் காற்றில் தண்ணீர் ஆவியாகிக் குளிர்விப்பது குறைவு, ஆகவே தண்ணீரின் குளிர்ச்சியே முக்கியம். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். பாராசிட்டமால் இந்தச் சூட்டுக்குக் கேட்காது. வண்டியில் ஏற்றிய பிறகும், ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசல் வரும்வரைக்கும் ஊற்றிக்கொண்டே போங்கள். இந்த ஒரு பத்தியை மட்டும் போட்டோ எடுத்து உங்கள் கணவருக்கும் அவரோடு வேலை செய்பவர்களுக்கும் அனுப்புங்கள்.

இனி உங்களைப் பற்றி. வெளியே வேலைக்குப் போகிற நாளில் கழிவறை கிடைக்காது என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்களை என் கிளினிக்கில் தினமும் பார்க்கிறேன். நீங்கள் அப்படிச் செய்தால் தலைவலிக்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கும். சிறுநீர் எலுமிச்சைச் சாறு நிறத்தில் போனால் போதுமான அளவு குடிக்கிறீர்கள், கருத்த தேநீர் போலப் போனால் குடிக்கவில்லை. மேலே சொன்ன மாற்றங்களைப் பத்து நாள் செய்து பாருங்கள். மழை வந்து வெக்கை அடங்கிய பிறகும் தலைவலியும் படபடப்பும் விடவில்லை என்றால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். அந்தப் படபடப்பு முழுவதும் வெயிலின் வேலை என்று இந்தக் கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது.